சும்மா ஒரு செக்கிங்

ஜாக்கியை இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.
சக்கரம் தரையில் நிற்க வேண்டும்,
ஸ்பேனர் மேல் ஒரு காலை வைத்து ஏறி மிதிக்க வேண்டும்,
க்ரீச்சென்று இரும்பு ஒத்துக்கொள்ளும்வரை.
இதை யாரும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.
பல் துலக்கியதை ஞாபகம் வைத்துக்கொள்கிறோமா?

அன்று ராத்திரி பத்தரைக்கு
கோத்தகிரி ஒர்க்‌ஷாப் வாசலில்
காட்டுமாடு வந்து நின்றது.
வருவதுதான். ஆனால் இது உள்ளே எட்டிப் பார்த்தது.
நானும் பெள்ளி அண்ணனும் கம்ப்ரசருக்குப் பின்னால்
இருபது நிமிஷம், முட்டி முட்டியில் இடிக்க.
அது என் ஸ்கூட்டர் சீட்டை நக்கியது
(உப்பு, என் உப்புதான்),
போர்டு கம்பத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டது,
போய்விட்டது.

பிறகு சிரித்தோம், வயிறு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.
அந்தச் சிரிப்பிலேயே ஜாக்கியை இறக்கினேன்,
அந்தச் சிரிப்பிலேயே காசு வாங்கினேன்.
"காலைல நாலு மணிக்குக் கெளம்பணும்பா,
கொழந்தைக்கு கோயமுத்தூர்ல ஊசி."

நாலே முக்காலுக்கு என்னை எழுப்பியது கைதான்.
வலது முன் சக்கரம்: க்ரீச், நாலு தடவை, இருக்கிறது.
இடது முன் சக்கரம்:
தேடுகிறேன்,
அங்கே சிரிப்புச் சத்தம் மட்டும் இருக்கிறது.

போனில் அந்தப் பெண் குரல்,
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
அவ்வளவு நிதானமாக.

அரவேணுவில் மூடுபனி.
ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர், அணைத்தால் கறுப்புச் சுவர்.
ஒவ்வொரு வளைவிலும் முதலில் தடுப்புக் கட்டையைப் பார்த்தேன்,
உடையாமல் இருக்கிறதா என்று.
அப்புறம்தான் ரோட்டை.

குஞ்சப்பனை டீக்கடையில்
நின்றுகொண்டிருந்தது அந்த வெள்ளை மாருதி.
அண்ணி பால் பாட்டிலைக் குலுக்குகிறார்.
அண்ணன் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே,
"என்ன தியோடர், இந்நேரம்?"

"சும்மா ஒரு செக்கிங்" என்று குத்தவைத்தேன்.
மூன்று நட்டும் ரெண்டு விரலுக்குச் சுற்றின.
நாலாவது இல்லவே இல்லை.

"அடியில என்னமோ டொக்கு டொக்குன்னுச்சு.
புது பேட் செட்டாகுதுன்னு இவகிட்ட சொன்னேன்."
"ஆமாண்ணா, செட்டாகும்."

அவர் காசு கொடுக்கப் போன நேரத்தில்
பின் சக்கரத்தில் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டேன்.
ஏறி மிதித்தேன்.
அந்தச் சத்தத்துக்கு, கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து
குழந்தை திரும்பிப் பார்த்தது.

"வேலைய முடிச்சுட்டுத் தூங்குற ஆளில்ல இவன்,
மலையெறங்கி வந்து பாக்கறான்" என்று
டீக்கடைக்காரரிடம் சொன்னார் அண்ணன்,
பெட்ரோலுக்கென்று இருநூறு ரூபாயை என் பையில் திணித்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ஏறும்போது மெதுவாக, ரோட்டோரமாகவே வந்தேன்.
பலாச் சக்கை கிடந்தது, யானை லத்தி,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு, கண்ணாடித் தூள்.
நட் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் அண்ணன் ஹட்டியிலிருந்து மட்டும்
புதிதாக ஆறு வண்டிகள் வந்தன.
இப்போதெல்லாம் இறுக்கியதும்
ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்ட் தொட்டு வைக்கிறேன்.
வண்டிக்கு மங்களம் என்கிறார்கள்.
நடுவில் ஒரு குங்குமமும் வையுங்கள் என்றார் ஒரு டீச்சர்.
வைத்தேன்.

அண்ணன் வந்திருந்தார், ஆயில் மாற்ற.
பின் சக்கரத்தைத் தட்டிக் காட்டி,
"இங்க ஒரு நட்டு கொறையுது பாரு.
எவனோ கழட்டிட்டான். யாரைத்தான் நம்புறது?"

பெட்டியில் துழாவிப் புதுசு ஒன்று எடுத்துப் போட்டேன்.
க்ரீச்.
அதற்குக் காசு வேண்டாமென்றேன்.
அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.